கதவுத் தூணில் ஓர் எழுத்து

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, போனவுடன் பானெட்டைத் திறப்பது. திறந்ததும் குரோம் மினுமினுப்பு கண்ணைக் கட்டிவிடும். அதன் பிறகு விற்பவர் சொல்வதெல்லாம் தேனாகத்தான் இருக்கும். மாட்டுச் சந்தைக்குப் போன அனுபவசாலி, வர்ணம் பூசிய கொம்பிலிருந்து பார்க்கத் தொடங்கமாட்டார். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். 1972ஆம் வருடத்துச் செவ்ரலே சி10 பிக்கப்புக்குப் பல் இருக்கும் இடம், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூண். அங்கே ரிவிட் அடித்த சின்னத் தகடு ஒன்று உண்டு.

தகட்டின் முதல் எழுத்து சி என்றால் செவ்ரலே. டி என்றால் அதே உடம்பை வேறு முகத்தோடு விற்ற ஜிஎம்சி. இரண்டாவது எழுத்து சி என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. கே என்றால் நான்கு சக்கரமும். மூன்றாவது எழுத்துதான் நமக்கு வேண்டியது. ஈ என்றால் வி8 என்ஜினோடு பிறந்தது, எஸ் என்றால் ஆறு சிலிண்டரோடு பிறந்தது. பிறகு அரை டன் என்பதற்கு 1, பிக்கப் என்பதற்கு 4, வருடத்துக்கு 2. அதையடுத்த எழுத்து ஊரைச் சொல்லும். எஃப் இருந்தால் ஃபிளின்ட், ஜே இருந்தால் ஜேன்ஸ்வில், இசட் இருந்தால் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்.

நம் வண்டியின் தகட்டில் இருப்பது எஸ். பானெட்டுக்குள் இருப்பதோ வி8. விற்பவர் '400 குதிரை' என்கிறார். பிறந்தபோது ஆறு சிலிண்டரோடு வந்த வண்டிக்கு, நடுவில் என்ன நடந்தது?

நம் வண்டி என்று நான் சொல்வது ஏதோ ஒரே வண்டியை அல்ல. அமெரிக்காவில் இந்த வகைப் பிக்கப்புகள் பலவற்றுக்கு நேர்ந்ததை ஒரே சேஸியில் ஏற்றியிருக்கிறேன். உரிமையாளர்கள் கற்பனை. வண்டிக்குள் இருக்கும் இரும்பு கற்பனையல்ல.

முதல் கைக்கு வந்தபோது அது வேலைக்காரி. 250 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின், நம் கணக்கில் 4.1 லிட்டர், 110 குதிரைத்திறன். கியர், ஸ்டீயரிங் கம்பத்தில் மூன்று வேகம். பழைய அம்பாசிடர் ஓட்டிய கைகளுக்கு அந்தக் கம்பி எப்படி ஆடும் என்று தெரியும். பெட்ரோல் டேங்க் இருந்தது எங்கே தெரியுமா? சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே. அடுத்த வருடம் வந்த புதிய உடம்பில்தான் அது வெளியே போயிற்று. வைக்கோல், வேலிக்கம்பி, கன்றுக்குட்டி என எதை ஏற்றினாலும் முனகாமல் இழுத்தது அந்த ஆறு சிலிண்டர். வேகமாகப் போகச் சொன்னால் மட்டும் யோசிக்கும்.

அந்த 110 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன், என்ஜினைத் தனியே மேடையில் ஏற்றி அளந்தது. ஃபேன் இல்லை, சைலன்சர் இல்லை, காற்று வடிகட்டி இல்லை. 1972இல் இவை எல்லாவற்றையும் மாட்டி, வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளக்கத் தொடங்கினார்கள். கார்வெட் காரின் எல்டி-1 என்ஜின் 1971இல் 330 குதிரை. 1972இல் அதே என்ஜின் 255. ஒரே ராத்திரியில் 75 குதிரை ஓடிப்போகவில்லை. படியைத்தான் மாற்றினார்கள். எனவே பழைய வண்டிக்காரர் ஒருவர் குதிரைக் கணக்குச் சொன்னால், எந்தப் படியால் அளந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இந்த வேலைக்காரியின் அடியில் ஒரு ரத்தினம் இருந்தது. அன்றைய பிக்கப்புகள் பெரும்பாலும் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் ஓடின. இதிலோ சேஸியின் நடுப்பக்கத்திலிருந்து பின் ஆக்சில் வரை நீண்ட இரண்டு இரும்புக் கைகள். அவற்றின் மேல் சுருள் ஸ்பிரிங். பாரம் ஏற்றாமல் போகும்போதும் முதுகை உடைக்காத அமைப்பு. இதன் பெருமையை விவசாயிகளைவிடப் பந்தயக்காரர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நாஸ்கார் பந்தயக் கார்களின் பின்பக்கத்தில் பல பத்தாண்டுகள் இருந்தது இதே அமைப்புதான். அதற்குப் பெயரே லாரிக் கை என்று பொருள்படும் 'டிரக் ஆர்ம்'. வைக்கோல் வண்டியின் எலும்பு மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதை அறியாமல் இந்தக் கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு விலையுயர்ந்த ஏதோ ஒன்றை மாட்டியவர்களும் உண்டு.

இரண்டாம் கை ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். பையன் கைக்கு வண்டி வந்தால் அதற்கு விதி ஒன்றுதான். ஆறு சிலிண்டர் இறங்கியது, இடிபட்டு ஒதுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றிய 350 கன அங்குல வி8 ஏறியது. வார இறுதியில், வீட்டு கராஜில், சங்கிலி பிளாக் ஒன்றை வாடகைக்கு எடுத்து. எப்படி முடிந்தது? அந்த ஆறு சிலிண்டருக்கும் இந்த எட்டுக்கும் கியர்பாக்ஸைச் சேர்க்கும் போல்ட் துளைகள் ஒரே அமைப்பு. என்ஜின் மவுன்ட்டை மாற்றினால் போதும். பழைய கியர்பாக்ஸே புது என்ஜினோடு சேர்ந்துகொள்ளும். கம்பெனிக்காரர்கள் தங்கள் வசதிக்காகச் செய்த சிக்கனம், பையனுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்த வி8இன் குலம் 1955இல் தொடங்குகிறது. செவ்ரலேயின் தலைமைப் பொறியாளர் எட் கோல் தலைமையில் உருவான 265 கன அங்குல என்ஜின், இரட்டைக் குழல் கார்புரேட்டரோடு 162 குதிரை கொடுத்தது. சிலிண்டர்கள் எட்டாக இருந்தும், கம்பெனியின் அன்றைய ஆறு சிலிண்டரைவிட எடை குறைவு. பிளாக்கை மெல்லிய சுவரோடு வார்த்தார்கள். வால்வைத் தள்ளும் ராக்கர்களைத் தண்டில் கோத்த கனமான வார்ப்பாகச் செய்யாமல், தகட்டை அழுத்தி எடுத்துத் தனித்தனி ஸ்டட்டில் நிறுத்தினார்கள். மலிவு, லேசு, அதனால் அதிக சுழற்சிக்கும் தாங்கும்.

அதைவிட முக்கியமானது ஓர் அளவு: 4.4 அங்குலம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம். 265 போய் 283 வந்தது, 1962இல் 327, 1967இல் கமாரோ காரில் 350, 1970இல் 400. துளை அகன்றது, பிஸ்டன் ஓடும் தூரம் நீண்டது, அந்த 4.4 மட்டும் அசையவில்லை. அதனால் ஒரு வருடத்து ஹெட் இன்னொரு வருடத்து பிளாக்கில் உட்காரும். ஒரு காரின் மேனிஃபோல்டு ஒரு லாரியில் உட்காரும். ஒரே ஆசாரி கட்டிய தெரு மாதிரி, எந்த வீட்டுக் கதவையும் எந்த நிலையிலும் மாட்டலாம்.

இந்தக் குணத்தைக் கம்பெனிக்குள்ளேயே ஒருவர் முன்கூட்டிக் கண்டார். சோரா ஆர்கஸ்-டன்டாவ், 1953 டிசம்பரில் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். இளைஞர்களும் வண்டியை முறுக்கேற்றுகிறவர்களும் ஃபோர்டு என்ஜினையே கட்டி அழுகிறார்கள். அவர்களைச் செவ்ரலே பக்கம் திருப்ப வேண்டுமானால் முறுக்கேற்றும் பாகங்களை நாமே செய்து கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். முறுக்கேற்றுவது கம்பெனிக்குத் தெரியாமல் நடந்த திருட்டுவேலை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் பிக்கப்பில் பையன் செய்ததற்கு விதை, அவன் பிறக்கும் முன்பே டெட்ராய்ட்டில் ஊன்றப்பட்டிருந்தது.

சரி, பையன் ஏற்றிய என்ஜின் எது? விற்பவரைக் கேட்கத் தேவையில்லை. பிளாக்கின் பின்புறம், ஓட்டுநர் பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்ப்பிலேயே எண் எழும்பியிருக்கும். கிரீஸைத் துடைத்து டார்ச் அடித்தால் 3970010 என்று தெரிகிறது. 1969 முதல் பல வருடம் வந்த 350 அது. ஆனால் இந்த எண் குலத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. காரிலும் வந்தது, லாரியிலும் வந்தது. ஆளை அறிய முன்பக்கம் வர வேண்டும்: வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சமதளம். அங்கே பொறித்த எழுத்துகளில் வி என்றால் ஃபிளின்ட், டி என்றால் டோனவாண்டா. பிறகு மாதமும் தேதியும். பிறகு எந்த வண்டிக்கு என்ற குறியீடு.

நம் வண்டியில் அந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. எழுத்தே இல்லை. பயப்பட வேண்டாம், திருட்டு என்றும் எண்ண வேண்டாம். ஹெட் உட்காரும் மேல்முகத்தைப் பட்டறையில் சமன் செய்யும்போது இந்த எழுத்துகளும் சீவிப் போய்விடும். ஊமையான அந்த இடமே ஒரு செய்தி: இந்த என்ஜின் ஒருமுறையாவது முழுதாகப் பிரிக்கப்பட்டு, இயந்திரப் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது. அப்படியானால் போர் எவ்வளவு செய்தார்கள், எந்தப் பிஸ்டன் போட்டார்கள், பில் இருக்கிறதா?

கிரேங்கைத் தாங்கும் மூடிகளுக்கு இரண்டு போல்ட்டா நான்கு போல்ட்டா என்பது அடுத்த கேள்வி. நான்கு என்றால் உறுதி அதிகம். ஆயில் சம்ப்பை இறக்காமல் இதைப் பார்க்க முடியாது. உலகத்தில் விற்பனைக்கு வரும் 350 எல்லாமே, விற்பவர் வாயில், நாலு போல்ட்தான்.

மேலே இருக்கும் ராக்கர் மூடியை விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். 1987க்குப் பிறகு வந்த ஹெட் என்றால் போல்ட் மூடியின் நடுவில் இருக்கும். ஆக ஹெட் பழையது. மூடியைக் கழற்றினால் ஹெட்டின் வார்ப்பெண் தெரியும். 882 என்று முடிந்தால் கொஞ்சம் முகம் சுளிக்கலாம். எழுபதுகளின் நடுவில் வந்த, எரியும் அறை அகன்ற, வெடிப்பு விடுவதில் பேர்போன ஹெட் அது. நம் வண்டியில் இருப்பது அதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கை செய்த கோளாறுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் கைக்குச் சத்தம் பிடிக்கும். சிக்னலில் நிற்கும்போது வண்டி முழுக்க ஆட வேண்டும், குதிரை காலைத் தட்டுவது போல என்ஜின் தாளம் தப்பித் தப்பி அடிக்க வேண்டும். அதற்கு வழி கேம் ஷாஃப்ட். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் என்பதை அதன் புடைப்புகள்தான் முடிவு செய்கின்றன. சாதாரண 350இல் வந்த ஒரு கேம், டேப்பட் 0.050 அங்குலம் எழுந்த இடத்திலிருந்து கணக்கிட்டால், காற்று உள்ளே வரும் வால்வை 195 பாகையும் புகை வெளியேறும் வால்வை 202 பாகையும் திறந்து வைத்திருந்தது. மூன்றாம் கை வாங்கிப் போட்டது 230ஐத் தாண்டியது.

வால்வை நீண்ட நேரம் திறந்து வைத்தால் என்ன கெட்டுவிடும்? மேல் வேகத்தில் ஒன்றும் கெடாது. அங்கே கண் இமைக்கும் நேரத்துக்குள் காற்று நுழைய வேண்டும், கதவு அகலத் திறந்திருப்பது நல்லதுதான். கீழ்வேகத்தில்தான் வினை. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் காற்று வரும் வால்வு மூடவில்லை. உள்ளே வந்ததில் ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது. புகை வால்வும் காற்று வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் கூடுகிறது. எரிந்த புகை புதுக் காற்றோடு கலக்கிறது. அந்தத் தாளம் தப்பிய அடி இதனால்தான் வருகிறது. கேட்க வீரமாக இருக்கும் அந்தச் சத்தம், உண்மையில் என்ஜின் மூச்சுத் திணறும் சத்தம்.

அழுத்த விகிதம் 10 அல்லது 11 இருந்தால் இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் 1971 முதல் ஜெனரல் மோட்டார்ஸ், ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக எல்லா என்ஜின்களிலும் அழுத்தத்தை இறக்கிவிட்டது. அகன்ற அறையுள்ள அந்த 882 ஹெட்டோடு விகிதம் எட்டரைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஏற்கெனவே இளைத்தவனை விரதம் இருக்கச் சொன்னது போல, குறைந்த அழுத்தத்தின் மேல் பெரிய கேம். விளைவு: 3,000 சுழற்சிக்குக் கீழே, பழைய ஆறு சிலிண்டரே தேவலை என்ற நிலை. பிக்கப் என்ஜினின் வாழ்நாளோ பெரும்பாலும் 3,000க்குக் கீழேதான் கழிகிறது.

கார்புரேட்டரிலும் இதே கதை. என்ஜினோடு கம்பெனி கொடுத்த குவாட்ராஜெட்டைக் கழற்றி எறிந்தார் மூன்றாம் கை. அதில் முன்னால் சின்ன வாய் இரண்டு, பின்னால் பெரிய வாய் இரண்டு. மெதுவாகப் போனால் சின்ன வாயால் சிக்கனமாகக் குடிக்கும், மிதித்தால் பெரிய வாய் திறக்கும். சரிசெய்யத் தெரியாதவர்கள் அதை 'குவாட்ராஜங்க்' என்று திட்டியே ஒழித்துவிட்டார்கள். எனக்கு அதன் மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதன் இடத்தில் வந்தது நிமிடத்துக்கு 750 கன அடி காற்று விடும், பின்வாய்களைக் கம்பியால் நேராக இழுத்துத் திறக்கும் ஹோலி.

750 வேண்டுமா? தெருவோரத்திலேயே கணக்குப் போடலாம். கன அங்குலத்தை உச்சச் சுழற்சியால் பெருக்கி 3,456ஆல் வகுக்க வேண்டும். 350ஐ 5,500ஆல் பெருக்கினால் 19,25,000. வகுத்தால் 557. அதுவும் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பினால். 85 சதவீதம் நிரம்புகிறது என்றால் 473. ஆக 600 அளவு கார்புரேட்டரே தாராளம். வாய் தேவைக்கு மேல் அகலமானால் காற்று அதன் வழியே மெதுவாகப் போகும். மெதுவாகப் போகும் காற்றுக்குப் பெட்ரோலை உறிஞ்சும் பலம் இல்லை. மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் திகைத்து நிற்பது அதனால். குவாட்ராஜெட்டும் 750தானே என்று யாராவது கேட்பார்கள். ஆம், ஆனால் அதன் பின்வாயின் மேல் ஒரு மடிப்புத் தகடு உண்டு. என்ஜின் கேட்கும் அளவுக்குத்தான் அது திறக்கும்.

அடுத்தடுத்து வந்தவை எல்லாம் முதல் தவறின் பிள்ளைகள். பெரிய கேமால் மேனிஃபோல்டின் வெற்றிடம் விழுந்தது. ஆரோக்கியமான சாதாரண என்ஜின் ஐடிலில் 17க்கு மேல் காட்டும் மானி இங்கே 10இல் நடுங்குகிறது. பிரேக் பூஸ்டருக்குச் சோறு அந்த வெற்றிடம்தான். மெதுவாக வந்து வரிசையில் நிற்கும்போது பெடல் கல்லாக இறுகுகிறது. கம்பத்துக் கியரை எடுத்துவிட்டு மூன்று வேக ஆட்டோமேட்டிக் டர்போ 350 வைத்தார். ஆனால் என்ஜினுக்கும் அதற்கும் நடுவில் உள்ள டார்க் கன்வர்ட்டர் சாதாரணமானது. ஐடிலைக் கூட்டி வைக்காவிட்டால் கியர் போட்டதும் என்ஜின் நிற்கிறது. கூட்டினால் பிரேக்கை மீறி வண்டி நகர்கிறது. பூஸ்டரோ ஏற்கெனவே பட்டினி. வேகம் கூட்ட என்று செய்த வேலை, நிறுத்த முடியாத வண்டியில் போய் முடிந்தது.

நீண்ட குழாய் ஹெடர்கள் வேறு. புகையை விரைவாக வெளியேற்றும், உண்மைதான். ஆனால் அந்தக் குழாய்களில் ஒன்று ஸ்டார்ட்டர் மோட்டாரை உரசிக்கொண்டு போகிறது. வண்டி சூடானால் செல்ஃப் எடுக்காது. பெட்ரோல் போட்டுவிட்டு பங்கில் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், அது ஆறும் வரை.

நான்காம் கை நல்லவர். பழுது பார்க்கத்தான் முயன்றார். பழைய பாயின்ட், கண்டன்சர் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, காயிலையே மூடிக்குள் வைத்த பெரிய எச்இஐ டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினார். எழுபதுகளின் நடுவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்த அருமையான சாமான் அது. ஆனால் 1972 வண்டியில் பாயின்ட்டைக் காப்பாற்றுவதற்காக, காயிலுக்குப் போகும் ஒயரையே மின்தடை உள்ளதாகப் போட்டிருந்தார்கள். ஓடும்போது அதன் வழியே முழு 12 வோல்ட் வராது. எச்இஐக்கு முழு 12 வேண்டும். அந்த ஒரு ஒயரை மாற்றாமல் விட்டதால் மேல்வேகத்தில் தீப்பொறி தடுமாறியது. அவர் கார்புரேட்டரைச் சந்தேகித்தார், ஜெட்டை மாற்றினார், பெட்ரோல் பம்ப்பை மாற்றினார், கடைசியில் மனம் வெறுத்து விற்றார். நான்காம் கையிடமிருந்துதான் நம்மவர் வாங்கப் போகிறார்.

இந்த ஐந்தாம் கை முதல்நாளே தொலைபேசியில் ஒன்று சொல்லிவிட்டார்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் முதலில் என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. குளிர்ந்த என்ஜின் பொய் சொல்லாது; முதல் புகை நீலமா, வெள்ளையா, டேப்பட் எத்தனை நொடி தட்டுகிறது என்பதெல்லாம் ஆறிக்கிடந்த என்ஜினில்தான் வெளியே வரும். பிறகு ஆயில் வடிகட்டியைக் கழற்றி வெட்டி, மடிப்பை விரித்து, காந்தத்தால் தடவினார். அந்தக் காலத்து கேமில் டேப்பட்டின் அடி தட்டையாகத் தோன்றினாலும் துளி குவிந்திருக்கும். கேமின் புடைப்பும் துளி சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால் டேப்பட் சுழன்றுகொண்டே இருக்கும். சுழல்வது நின்றால் புடைப்பு சோப்பு மாதிரி தேய்ந்து, இரும்புத் துகள் ஆயிலில் வரும். புது கேம் போட்டால் முதல் 20, 30 நிமிடம் ஐடிலில் விடாமல் 2,000 சுழற்சிக்கு மேல் ஓட்ட வேண்டும் என்பது அதற்காகத்தான். இன்றைய கார் ஆயில்களில் துத்தநாக, பாஸ்பரசுச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், புகை சுத்திகரிக்கும் கருவி கெடக் கூடாதென்று. பழைய கேமுக்கு அந்தச் சேர்மானமே மருந்து. காந்தத்தில் ஒட்டியது கொஞ்சம்தான். சமாளிக்கலாம்.

'கேமுக்கு அட்டை இருக்கிறதா?' என்று கேட்டார். புது கேமோடு பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை வரும். திறப்பு, மூடல், உயரம் எல்லாம் அதில் இருக்கும். இல்லை. மேனிஃபோல்டுக்கு, ஹெடருக்கு, பிஸ்டனுக்கு? எதற்கும் தாள் இல்லை. 400 குதிரை என்பதற்கும் தாள் இல்லை. வண்டியைச் சக்கரத்தோடு டைனோவில் ஏற்றி அளக்கவே இல்லை. அவர் குரோமுக்கும் சத்தத்துக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கத் தயாராக இல்லை. சேஸி, துருப்பிடிக்காத கேபின், முன்சக்கர டிஸ்க் பிரேக், அந்த இரும்புக் கைகள், ஒரு நல்ல 350 பிளாக் ஆகியவற்றுக்கு விலை பேசினார். 1971இல்தான் சி10க்கு முன் டிஸ்க் சாதாரணமாகவே வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டி என்றால் இன்னும் குறைத்திருப்பார்.

நண்பர்கள் வேறொன்று சொன்னார்கள். இதைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடிபட்ட 1999க்குப் பிந்தைய பிக்கப் ஒன்றிலிருந்து 5.3 லிட்டர் எல்எஸ் வகை என்ஜினை எடுத்து வை. கம்ப்யூட்டரோடு சும்மாவே 270 குதிரைக்கு மேல் தரும், குளிரில் ஒரே சாவியில் எழும். நல்ல யோசனைதான். அந்த என்ஜினிலும் சிலிண்டர் மையங்களுக்கு நடுவே அதே 4.4 அங்குலம். தீப்பொறி வரிசை மாறிவிட்டது, ஹெட் மாறிவிட்டது, ஆனால் எட் கோல் காலத்து அந்த அளவு மாறவில்லை. இந்தக் குலத்தின் 10 கோடியாவது என்ஜின் 2011 நவம்பரில் வெளிவந்தது. ஐந்தாம் கை யோசித்தார். வைத்தால் தகட்டில் உள்ள எழுத்துக்கும் என்ஜினுக்கும் தூரம் இன்னும் கூடும். அது அவரை உறுத்தவில்லை, செலவுதான் உறுத்தியது.

அவர் செய்தது பாகங்களுக்குள் சமாதானம் பேசி வைத்த வேலை. கேம் இறங்கியது, 204, 214 பாகை அளவுள்ள சாதுவான ஒன்று ஏறியது, புது டேப்பட்டுகளோடு. 750 போய், பின்வாய் வெற்றிடத்தால் திறக்கும் 600 வந்தது. எச்இஐக்குத் தடையில்லாத புது ஒயர். சீட்டுக்குப் பின்னால் இருந்த டேங்க் வெளியேறி, பின்தட்டின் அடியில் போயிற்று; குதிரை ஒன்றும் கூடாத மாற்றம் அது, ஆனாலும் முதலில் செய்தது அதைத்தான். மூன்று வேகப் பெட்டிக்குப் பதில் நான்கு வேக 700ஆர்4. கிரவுனில் 3.73 விகிதம், 28 அங்குல டயர். மணிக்கு 60 மைல் போக என்ஜின் முன்பு 2,686 சுழற்சி சுற்ற வேண்டியிருந்தது. நாலாவது கியரின் 0.70 விகிதத்தோடு இப்போது 1,880. முதல் கியரோ 2.52லிருந்து 3.06 ஆகிவிட்டதால், சிக்னலில் எழும் எழுச்சி சத்தம் போட்ட நாளைவிட நன்றாக இருக்கிறது.

டைனோவில் ஏற்றினாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவீர்கள். ஏற்றவில்லை. பிரேக் பெடல் மென்மையாக இறங்கியது, வெற்றிட மானி 17ஐத் தாண்டி ஊசி ஆடாமல் நின்றது, பெட்ரோல் போட்டவுடன் செல்ஃப் எடுத்தது. ஹெடரைக் கழற்றிப் பழைய இரும்பு மேனிஃபோல்டையே மாட்டியிருந்தார். மூன்றாம் கை தெருவில் பார்த்தால் தன் வண்டி என்று அடையாளம் கண்டிருக்கமாட்டார், அவ்வளவு அமைதி.

இந்த வண்டிகளின் டேஷ்போர்டுப் பெட்டிக் கதவின் உட்புறம், ஃபேக்டரியில் ஒட்டிய சீட்டு ஒன்று இருக்கும்: வண்டியோடு வந்த பாகங்களின் குறியீட்டுப் பட்டியல். நம் வண்டியில் அது பழுத்து, ஓரம் கிழிந்து, பாதி எழுத்து மங்கி இருக்கிறது. அதன் கீழே ஐந்தாம் கை புது கேமின் அட்டையை ஒட்டினார். அதற்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள்: கார்புரேட்டர் எண், ஜெட் அளவு, போர் அளந்தபோது வந்த விட்டம், எந்த ஒயரை மாற்றினார், எந்தத் தேதியில். கடைசி வரியில், 1972இல் வண்டியோடு வந்த ஆறு சிலிண்டர் எங்கே போனதென்று யாருக்காவது தெரிந்தால் எழுத, கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்.